போர்க்கப்பலின் காதும் வாயும்: எம்டன் முதல் இலங்கை வானொலி வரை

சேத்தியாத்தோப்புக் கூட்டுரோட்டில் மாலை வேளைகளில் அமர்ந்திருக்கும் முதியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு சொற்கள் இன்றும் காதில் விழும். ஒன்று ‘எம்டன்’. எவருக்கும் பிடிகொடாமல் காரியத்தை முடித்துக்கொண்டு நழுவுகிறவனை, ‘அவன் சரியான எம்டன்’ என்பார்கள். மற்றொன்று ‘சிலோன் ரேடியோ’. அதைச் சொல்லும்போதே அவர்தம் முகம் மலரும். பழைய பாட்டு ஒன்றும் உடன் வரும். முன்னது ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதைப் பலர் அறிவர். பின்னதன் பிறப்பிலும் ஒரு ஜெர்மானியப் போர்க்கப்பலுக்குப் பங்குண்டு என்பதை அறிந்தோர் சிலரே. போர்க்காலக் கப்பல்களில் வைக்கப்பெற்ற கம்பியில்லாத் தந்திக் கருவிகள் எவ்வாறு இயங்கின, அவற்றுள் ஒன்று எவ்வாறு நம் வீட்டுக் கூடம் வரை வந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரை. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று மாணவச் செல்வங்கள் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் இருந்த ஒரு பழைய வானொலிப் பெட்டியே காரணம். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

சேத்தியாத்தோப்பில் கடல் இல்லை. ஆயினும் எங்கள் அணைக்கட்டைத் தாண்டிச் செல்லும் வெள்ளாறு பரங்கிப்பேட்டையருகே கடலோடு கலக்கிறது. அத்துறையிலிருந்தும் நாகூர், நாகப்பட்டினம் துறைகளிலிருந்தும் நம் முன்னோர் மரக்கலம் ஏறி ஈழத்துக்கும் பர்மாவுக்கும் பினாங்குக்கும் சென்றனர். கப்பல் கண்ணுக்கு மறைந்துவிட்டால், அடுத்த துறை சேரும் வரை அதைப் பற்றி யாதொரு செய்தியும் கிடையாது. கரையில் இருப்போர் காத்திருப்பதும் துஆச் செய்வதுமன்றி வேறொன்றும் செய்ய இயலாது. 1901-இல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைக் கடந்து குறி அனுப்பிக் காட்டியபின் இந்நிலை மாறத் தொடங்கிற்று. 1914-இல் முதல் உலகப் போர் மூண்டபோது வல்லரசுகளின் பெரிய போர்க்கப்பல்கள் அனைத்திலும் கம்பியில்லாத் தந்தி அறை ஒன்று அமைந்துவிட்டது.

பொறியால் பேசிய கருவி

அக்காலக் கப்பற் கருவிகளிற் பெரும்பாலானவை தீப்பொறி முறையில் இயங்கியவை. மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டத்தை நிரப்புவர். அது நிரம்பியதும், இரு உலோக முனைகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறியாகப் பாயும். அப்பாய்ச்சல் ஒரு கம்பிச்சுருளில் அதிர்வை எழுப்ப, பாய்மரங்களுக்கு இடையே கட்டிய வான்கம்பியின் வழியே அவ்வதிர்வு மின்காந்த அலையாகப் பரவும். தந்தியாளர் கையிலுள்ள சாவியைச் சற்றே தட்டினால் புள்ளி. சிறிது நேரம் அழுத்தினால் கோடு. இவ்வாறு மோர்ஸ் குறிகளால் சொற்கள் கடலைக் கடந்தன. ஜெர்மானியக் கடற்படை பயன்படுத்திய டெலிஃபுங்கன் நிறுவனக் கருவியில் நொடிக்குப் பல நூறு பொறிகள் ஒழுங்காகத் தோன்றியமையால், கேட்போர் காதில் அது சீழ்க்கை போன்ற இனிய ஒலியாக விழும். பழகிய காதுடையோர் அந்நாதத்தைக் கொண்டே அது எந்நாட்டுக் கருவி என்று ஊகித்துவிடுவர்.

இங்கேதான் போர்க்கப்பலுக்கு இடர். கடிதம் ஒருவருக்கே போகும். அலையோ எல்லாத் திசைக்கும் போகும். நண்பனை அழைக்கும் குரல் பகைவனுக்கும் கேட்கும். என்ன சொல்லப்பட்டது என்பது அவனுக்குப் புரியாவிடினும், அருகில் ஒருவன் இருக்கிறான் என்பது புரியும். ஆதலால் போரில் கப்பற் கருவியின் முதன்மையான பயன், பேசுவதைக் காட்டிலும் கேட்பதாகவே ஆயிற்று. இதை நன்கு உணர்ந்தவர் எம்டன் கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர்.

எம்டன் வங்கக் கடலுக்கு வந்தபோது தன் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைத்திருந்தது. ஆங்கிலேயக் கப்பல்கள் தமக்குள் பேசுவதைக் கேட்டு, குறிகளின் வலுவைக் கொண்டு அவை எவ்வளவு தொலைவில் உள்ளன என்று கணித்துக் கொண்டது. 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு ஒன்பதரை மணியளவில் விளக்கொளியில் மிதந்த சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்று, சுமார் 130 குண்டுகளைச் சுட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. சென்னை உயர்நீதிமன்ற மதிலருகே இதனைக் குறிக்கும் கல்வெட்டு ஒன்று உள்ளது. சென்னைக்குச் செல்லும் மாணவர்கள் அதனைக் காண வேண்டும். (செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் வந்தார் என்று மேடைகளில் பலரும் பேசக் கேட்டிருக்கிறோம். அவர் 1914 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக் கொண்டிருந்தார். எம்டனோ ஆகஸ்டிலேயே சீனக் கரையிலிருந்து புறப்பட்டுவிட்டது. அவ்வீரரின் பெருமைக்கு இக்கதை தேவையில்லை என்பது என் எண்ணம்.)

அக்டோபர் 28 அதிகாலையில் நம்மவர் நிறைந்த பினாங்குத் துறைமுகத்துள் நுழைந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. வெளியேறும்போது பிரெஞ்சுக் கப்பல் ஒன்றையும் அழித்தது. இருபதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் அதன் கையில் சிக்கின. இந்துமாக்கடல் முழுதும் அச்சம் பரவிற்று. ‘எம்டன்’ என்னும் சொல் நம் பேச்சில் குடியேறியது இவ்வாறே. பிற்காலத்தில் ‘எம்டன் மகன்’ என்று பெயர் சூட்டிய ஒரு திரைப்படம், தமிழ்ப் பெயருக்கு வரிவிலக்கு உண்டென்றதும் 2006-இல் ‘எம் மகன்’ ஆயிற்று. சொல் தமிழில் நூறாண்டு வாழ்ந்தாலும் அரசின் கணக்கில் அயலாகவே இருந்துவிட்டது!

அதே கம்பியில்லாத் தந்திதான் எம்டனின் முடிவையும் எழுதிற்று. 1914 நவம்பர் 9 காலை, கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க அது வந்தது. ஆஸ்திரேலியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஜாவாவுக்கும் சென்ற கடலடிக் கம்பிகள் கூடுமிடம் அது. கம்பியில்லாத் தந்திக் கோபுரமும் அங்கு உண்டு. எம்டனைத் தன் கூட்டத்தைச் சேர்ந்த ஆங்கிலேயக் கப்பலாகக் காட்ட மூன்று புகைபோக்கிகளுடன் நான்காவதாகத் துணியால் ஒன்று செய்து வைத்திருந்தனர். நிலையத்தார் அப்பொய்யைக் கண்டுகொண்டு, அயல் கப்பல் ஒன்று வாயிலில் நிற்கிறது என்று செய்தி அனுப்பினர். எம்டன் தன் கருவியை முழு வலிமையுடன் முடுக்கி அச்செய்தியை அமுக்க முயன்றது. ஆயினும் செய்தி தப்பிச் சென்றுவிட்டது. தூரத்துக் கப்பல் ஒன்று விடையளித்ததை எம்டனின் தந்தியாளர் கேட்டனர். குறி மெலிந்திருந்ததால் அது ஏறத்தாழ 200 மைலுக்கு அப்பால் இருப்பதாகக் கணித்து, கரைக்குச் சென்ற வீரர்களை அமைதியாக வேலை செய்யவிட்டனர். உண்மையில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளை ஏற்றிச் சென்ற கப்பல் அணி சுமார் 50 மைல் தொலைவில்தான் சென்றுகொண்டிருந்தது. அதன் காவற்கப்பல்களுள் ஒன்றான சிட்னி, விரைந்து வந்தது. அடிவானத்தில் புகை தெரிந்தபோது, அது தமக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல் என்றே எம்டனில் இருந்தோர் எண்ணினர். ஓசையை வைத்துத் தூரத்தை அளந்தே இத்தனை நாள் தப்பியவர்கள், ஓசையின்றி வந்தவனிடம் அகப்பட்டனர். எம்டன் நொறுங்கி வடகீலிங் தீவின் பவளப் பாறையில் ஏற்றப்பட்டது. அதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கரையில் எஞ்சிய சுமார் ஐம்பது ஜெர்மானிய வீரர்கள் அங்கிருந்த ‘ஆயிஷா’ என்னும் பாய்க்கப்பலைக் கைப்பற்றிச் சுமத்ராவுக்குச் சென்று, பின் வேறு கப்பலில் ஏமன் நாட்டு ஹுதைதாவை அடைந்து, அரபு நாட்டின் வழியே 1915-இல் இஸ்தான்புல் சேர்ந்தனர். தந்திக் கோபுரத்தை அவர்கள் வெடிவைத்து வீழ்த்துமுன், டென்னிஸ் ஆடுகளத்தின் மீது விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்று நிலையத்தார் கேட்டுக்கொள்ள, அவர்களும் அவ்வாறே செய்தனர் என்பர்.

தவில் அடியும் ஒத்தும்

தீப்பொறிக் கருவியால் புள்ளியும் கோடும் அனுப்பலாம். மனிதக் குரலை அனுப்ப இயலாது. ஏனெனில், ஒவ்வொரு பொறியும் எழுப்பும் அலை தவிலின் அடியைப் போல ஓங்கி எழுந்து உடனே அடங்கிவிடும். குரலை ஏற்றிச் செல்ல அறுபடாத அலை வேண்டும். நாகசுரக் கச்சேரியில் பக்கத்தில் அமர்ந்து ஒருவர் ஒத்து ஊதுவாரே, அந்த இடைவிடாத நாதத்தைப் போன்றது அது. அதன் மீதுதான் பாட்டை ஏற்ற முடியும். அத்தகைய அலையைச் சிறு கருவியில் எழுப்ப வழி செய்தது வால்வு எனப்படும் வெற்றிடக் குழாய். 1906-இல் அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் மூன்று முனை வால்வைக் கண்டார். அதன் வெளியீட்டில் ஒரு பகுதியை மீண்டும் அதற்கே ஊட்டினால் அது தானாகவே ஓயாது அதிரும் என்பதை 1913-இல் டெலிஃபுங்கன் நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் மைஸ்னர் பயன்படுத்திக் காட்டினார். போர் இவ்வளர்ச்சியை விரைவுபடுத்திற்று.

நீர்மூழ்கிக் கப்பலுக்கோ இக்கருவி உயிர்நாடி. அது கண்ணும் காதும் கட்டுண்ட நிலையில் நீருக்குள் செல்வது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துமாதலால் வானொலி அலை அதனுள் மிக விரைவில் மாய்ந்துவிடும். எனவே செய்தி அனுப்ப அது மேலெழ வேண்டும். எழுந்தால் பகைவர் காண்பர்.

இத்தகைய கப்பல் ஒன்றின் கருவியே நம் கதையின் நடுநாயகம். இலங்கைத் தந்தித் துறைக்குத் தலைமைப் பொறியாளராக வந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் ஆங்கிலேயர், 1923-இல் கொழும்பில் ஒலிபரப்பைச் சோதித்துப் பார்க்க விரும்பினார். போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியைக் கொண்டு அத்துறைப் பொறியாளர்கள் சிறியதொரு ஒலிபரப்பியைக் கட்டினர். தலைமைத் தந்தி அலுவலகத்தின் ஒரு சிற்றறையிலிருந்து இசைத்தட்டுப் பாட்டுகள் வானில் ஏறின. ஐரோப்பாவில் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கி மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. 1925 டிசம்பர் 16-ஆம் நாள் ஆளுநர் ஹ்யூ கிளிஃபோர்ட் கொழும்பு வானொலியை முறைப்படி தொடங்கி வைத்தார். தன் இருப்பிடம் தெரியக்கூடாதென்று அஞ்சி அஞ்சிப் பேசிய கருவி, எல்லோரும் கேளுங்கள் என்று பாடத் தொடங்கிற்று.

நம் சென்னையும் பின்தங்கிவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியார் 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகத்தை நிறுவி, 40 வாட் ஆற்றலுள்ள ஒலிபரப்பியால் அவ்வாண்டு ஜூலை 31 முதல் நிகழ்ச்சிகளை அளித்தார். பணமுடையால் 1927-இல் அது நின்றது. கருவிகள் சென்னை மாநகராட்சிக்கு வழங்கப்பட்டன. மாநகராட்சி 1930 முதல் நடத்திய ஒலிபரப்பை 1938-இல் அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது.

கேட்பதும் குற்றம்

இரண்டாம் உலகப் போரில் கப்பற் கருவிகள் பன்மடங்கு நுட்பம் பெற்றன. நீர்மூழ்கிக் கப்பல் ஒரு சில நொடிகள் குறி அனுப்பினாலும், அது வந்த திசையைக் காட்டும் கருவிகள் காவற்கப்பல்களில் பொருத்தப்பட்டன. பேசாதிருந்தால் தப்பலாம் என்பது எம்டன் காலத்துப் பாடம். இப்போது அதுவும் போதவில்லை. வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலும் கப்பல் காட்டிக் கொடுக்கப்படலாம் என்பது தெரியவந்தது.

இது விந்தையாகத் தோன்றும், காரணம் எளிது. முன்பு கூறிய அதே வால்வு, அதே மறுஊட்டம். அக்கால வானொலிப் பெட்டிகள் பலவற்றில், மெலிந்த குறியைப் பெருக்குவதற்காக வால்வின் வெளியீட்டில் ஒரு பகுதியை அதற்கே திரும்ப ஊட்டினர். திருகைச் சற்று மிகுதியாகத் திருப்பிவிட்டால், கேட்கும் பெட்டி தானே ஒரு சிற்றொலிபரப்பியாக மாறி, தன் வான்கம்பி வழியே அலையைக் கசியவிடும். வேறு வகைப் பெட்டிகளும் தம்முள் ஓர் அலையை உண்டாக்கியே இயங்குவதால் சிறிதளவு கசிவு அவற்றிலும் உண்டு. பாட்டுக் கேட்க மாலுமி ஒருவன் வைத்திருக்கும் பெட்டி, அருகிலுள்ள பகைவனுக்குக் கப்பலின் இருப்பை அறிவித்துவிடக் கூடும். ஆகவே கப்பல்களில் சொந்த வானொலிப் பெட்டி வைத்துக்கொள்வது தடுக்கப்பட்டது.

மாதக்கணக்கில் கடலில் கிடப்பவனுக்கு ஒரு பாட்டும் ஊர்ச் செய்தியும் இல்லையென்றால் அவன் மனம் என்னாவது? இதற்கு விடையாகச் சிகாகோ நகரத்து ஸ்காட் நிறுவனம், அலை கசியாத கப்பல் வானொலியை உருவாக்கிற்று. அதை நிறுவியவர் நியூசிலாந்தில் பிறந்த ஈ.எச். ஸ்காட். வான்கம்பிக்கும் உள்ளே அலை எழுப்பும் பகுதிக்கும் இடையே கூடுதல் வால்வுகளைத் தடுப்பாக வைத்து, முழுப் பெட்டியையும் உலோகக் கூட்டினுள் அடைத்தனர். கப்பலின் உணவுக் கூடங்களுக்கு ஒலிபெருக்கி வழியே இசையும் செய்தியும் சென்றன. ‘மன உறுதி வானொலி’ என்றே அவற்றுக்குப் பெயர். துப்பாக்கிக்கு மருந்து எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை மாலுமிக்குப் பாட்டு என்று போர் அமைச்சகத்தாரே ஒப்புக்கொண்டது போலாயிற்று.

நம் கடலிலும் போர் வந்தது. 1942 ஏப்ரல் 4-ஆம் நாள் இலங்கைக்குத் தெற்கே பறந்துகொண்டிருந்த கனடிய விமானி லெனார்ட் பர்ச்சல் ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு கொழும்புக்குச் செய்தி அனுப்பினார். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பும், 9-ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கரையருகே மூழ்கிற்று. சென்னை நகர மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடி வந்ததும் அந்த ஏப்ரலில்தான்.

என் பாட்டனாரின் தமையனார் அப்போது பினாங்கில் மளிகைக் கடை வைத்திருந்தார். மலாயா ஜப்பானியர் கைக்குப் போனபின் கடிதப் போக்குவரத்து அற்றுவிட்டது. அங்கே சிற்றலையில் அயல்நாட்டு ஒலிபரப்பைக் கேட்பது தண்டனைக்குரிய குற்றம். இங்கிருந்து சொல்வதற்கும் வழியில்லை. அங்கிருந்து கேட்பதற்கும் வழியில்லை. மூன்றரை ஆண்டுகள் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமலே எங்கள் வீட்டில் நோன்பும் பெருநாளும் வந்து போயின. பாட்டியார் ஒவ்வொரு பெருநாளுக்கும் அவருக்கென ஒரு கைலி எடுத்துப் பெட்டியில் வைப்பாராம். 1946-இல் கடிதம் வந்தபோது பெட்டியில் நான்கு கைலிகள் இருந்தன.

கொழும்பிலிருந்து கூடத்துக்கு

போர்க்காலத்தில் கொழும்பு வானொலி நேசநாட்டுப் படையினரின் பயன்பாட்டுக்கு வந்தது. 1944-இல் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றியபின், படைவீரர்களுக்கென ‘ரேடியோ சியாக்’ என்னும் நிலையம் கொழும்பில் இயங்கிற்று. பர்மாக் காடுகளிலும் கப்பல்களிலும் இருந்தவர்களை மகிழ்விப்பது அதன் பணி. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏக்கலையில் 100 கிலோவாட் ஆற்றலுள்ள சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. அது முழுமையாக இயங்குவதற்குள் போரே முடிந்துவிட்டது! 1949-இல் நிலையம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டு ‘ரேடியோ சிலோன்’ ஆயிற்று. மறு ஆண்டு வர்த்தக ஒலிபரப்பும் தொடங்கியது. கடலில் கிடந்த வீரர்களை எட்டுவதற்கென்று அமைத்த வலிமை, பாக் நீரிணையைத் தாண்டி நம் ஊர்களை எட்டுவதற்கு ஒரு பொருட்டா?

காலமும் கூடி வந்தது. 1952-இல் மத்திய அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரையிசையை அகில இந்திய வானொலியிலிருந்து பெரும்பாலும் ஒதுக்கிவைத்தார். மக்கள் திருகைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்கள் தென்னார்க்காட்டு வீடுகளில் உறவினர் குரல்களாயின. ‘பொங்கும் பூம்புனல்’ ஒலித்தால்தான் பொழுது விடியும். தமிழைத் தெளிவாக, எழுத்தெழுத்தாக, ழகரம் சிதையாமல் உச்சரிக்க எம்மனோர் பலர் கற்றது வகுப்பறையில் அன்று, அவ்வானொலியில்தான். தமிழ் பயிற்றுவிப்பவன் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்ள எனக்குத் தயக்கமில்லை.

இனி எங்கள் வீட்டுப் பெட்டி. பினாங்கிலிருந்து தமையனார் அனுப்பிய பணத்தில் பாட்டனார் வாங்கிய மர்பி வால்வு வானொலி அது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் கட்டுவார். திருகியவுடன் பேசாது. வால்வுகள் செந்நிறமாகக் கனன்று சூடேற ஒரு நிமிடம் ஆகும்; அதுவரை வீடே பேச்சடங்கிக் காத்திருக்கும். நான் சிறுவனாக இருந்தபோதும் அது பாடிக்கொண்டிருந்தது. பின்னர் வால்வு கிடைக்காமல் ஊமையாயிற்று. வீட்டை இடித்துக் கட்டியபோது, நான் வெளியூரில் எம்.ஃபில். பயின்றுகொண்டிருந்த வேளையில், அதைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டனர். (பழம்பொருள் கடைக்கு இப்பெயர் வந்ததைக் காயல்பட்டினத்து வணிகரோடு தொடர்புபடுத்திச் சொல்வோர் உண்டு. ஆராய்வதற்குரிய சொல்.) செய்தி அறிந்து ஓடினேன். பெட்டியின் மரத்தை விறகுக்கு உடைத்துவிட்டிருந்தார்கள். செம்புச் சுருள்களையும் மின்மாற்றியையும் பிரித்து எடுத்தாயிற்று. ஊர்ப்பெயர்கள் அச்சிட்ட கண்ணாடி முகப்பு மட்டும் ஒரு சாக்கின் மேல் கிடந்தது. கடைக்காரர் அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

அக்கண்ணாடி இப்போது எங்கள் துறையில் என் மேசை இழுப்பறையில் உள்ளது. காண விரும்பும் மாணவர்கள் வந்து காணலாம். அதில் கொழும்பு என்னும் பெயருக்கு நேராக, இருட்டிலும் முள்ளை நிறுத்துவதற்காகப் பாட்டனார் வைத்த சுண்ணாம்புப் பொட்டு ஒன்று இருக்கும்.